நாய் பிஸ்கட்டுக்கு மாவு கேட்டு வந்தால்



ராகி மாவு கால் கிலோ, அரிசி மாவு கால் கிலோ, ஜவ்வரிசி நூறு கிராம் என்று சீட்டு எழுதிக்கொண்டு வரும் அம்மையாரிடம் "என்ன விசேஷம்?" என்று கேட்டால், "வீட்டு நாய்க்கு பிஸ்கட் சுடப் போகிறோம்" என்று பதில் வருகிற காலம் இது. நாய்க்குப் பலகாரமா என்று நம்மில் சிலர் சிரிக்கிறோம். களியும் மோரும் ஊற்றிப் பட்டி நாய் வளர்த்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வருவது இயற்கைதான். ஆனால் அந்தச் சீட்டை அவர் வேடிக்கைக்காக எழுதிக்கொண்டு வரவில்லை. நாம் கொடுக்கும் மாவு சுத்தமாக இருக்கிறதா என்பதில்தான் அவருடைய காரியமே அடங்கியிருக்கிறது.

சில நாய்களுக்குச் சில உணவுகள் ஒத்துக்கொள்வதில்லை. ஓயாமல் பாதத்தை நக்கும், காதைச் சொறியும், வயிற்றடியில் தோல் சிவக்கும், சிலவற்றுக்குக் கழிச்சலும் இருக்கும். 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016-ல் வெளியான கால்நடை மருத்துவக் கட்டுரை ஒன்றில், மாட்டிறைச்சி 34 சதவீதம், பாலும் பால் பொருட்களும் 17, கோழி 15, கோதுமை 13 என்று காரணங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. டீக்கடை வாசலில் நாய்க்குப் போடும் பால் பிஸ்கட்டில் இந்த நான்கில் இரண்டு இருக்கின்றன!

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க மருத்துவர் ஒரு பத்தியம் சொல்வார். நாய் அதுவரை தின்றிராத ஒரு மாமிசமும் ஒரு மாவுப் பொருளும் மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு கோதுமை பிஸ்கட் உள்ளே போனாலும் பத்தியம் கெட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம். கடை பிஸ்கட்டை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சுடலாம் என்று சிலர் கிளம்புவது இதனால்தான்.

சுடும் முறையை நாமும் தெரிந்து வைத்துக்கொண்டால் சரக்கு எடுத்துக் கொடுக்கச் சௌகரியம். ராகி மாவு 200 கிராம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம், முட்டை ஒன்று, எண்ணெய் ஒரு டீஸ்பூன். உப்பு, சர்க்கரை, சோடா எதுவும் வேண்டாம். ராகிக்குக் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது, தட்டினால் விண்டுபோகும். இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசியை ஊறவைத்துக் கூழாகக் காய்ச்சிச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். முட்டை ஆகாத நாய்க்கும் இந்தக் கூழே போதும். சிறு வில்லைகளாகத் தட்டி, 160 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் ஈரம் போகச் சுட வேண்டும். அடுப்புப்பெட்டி இல்லாத வீட்டில் பழைய குக்கரில் மணல் பரப்பி, ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சுடலாம். நாளொன்றுக்கு நாய் தின்னும் தீனியில் இது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அரவை மில்லில் கோதுமை அரைத்த கையோடு ராகியைக் கொட்டினால் முதலில் விழும் மாவில் கோதுமை கலந்தே இருக்கும். மனிதருக்கு இது பெரும்பாலும் தெரியப் போவதில்லை. பத்தியத்தில் இருக்கும் நாய்க்குத் தெரியும். கடையில் மைதாவுக்கும் ராகி மாவுக்கும் ஒரே கரண்டி போடுவதும் அப்படியே. கோதுமை ஆகாத மனிதர்களும் நம் வாடிக்கையாளர்களில் உண்டு என்பதால் இந்தச் சுத்தம் நாய்க்காக மட்டுமல்ல.

ஜவ்வரிசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குச்சிக்கிழங்கு நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சொத்து. 1981-ல் சேகோசர்வ் சங்கம் ஏற்பட்டதும் இங்கேதான், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் சேலம் ஜவ்வரிசிக்குத்தான். கிழங்கு மாவில் புரதம் மிகமிகக் குறைவு. ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் புரதமே என்பதால் பத்தியத்துக்கு இது ஏற்ற சரக்கு. ஆனால் ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்ற புகார் நம் வட்டாரத்தில் நெடுநாளாக இருப்பதையும், உணவுப் பாதுகாப்புத் துறை ஆலைகளில் சோதனை நடத்தியதையும் நாம் அறிவோம். மக்காச்சோளம் ஆகாத நாய்க்கு இந்தக் கலப்பைக் கொடுத்துவிட்டு "கிழங்கு மாவுதான் அம்மா" என்று சொன்னால், எட்டு வாரப் பத்தியமும் வீண், மருத்துவர் செலவும் வீண். பளீரென்ற வெள்ளை நிறத்தைப் பார்த்து ஜவ்வரிசி வாங்கும் வழக்கத்தை மொத்த வியாபாரிகளாகிய நாமேதான் வளர்த்து வைத்திருக்கிறோம். இயற்கை நிறச் சரக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

அடுத்தது பூஞ்சை. நிலக்கடலை, மக்காச்சோளம் இரண்டிலும் ஈரம் பட்டால் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். நாமக்கல் கோழித்தீவனக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நாயின் ஈரலுக்கும் இது எமன். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் மக்காச்சோளம் கலந்த நாய்த்தீவனத்தில் இந்த நஞ்சு மிகுந்து சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். 2021 ஜனவரிக்குள் 110-க்கு மேற்பட்ட செல்லப்பிராணிகள் இறந்ததாக அந்நாட்டு அரசுத் துறைக்குத் தகவல் வந்தது. அடுப்பில் சுடும் சூட்டில் இந்த நஞ்சு அழியாது. ஆகவே நிறம் மாறிய, சுருங்கிய கடலையை "நாய்க்குத்தானே" என்று மலிவாகத் தள்ளிவிடுவது கூடவே கூடாது.

சீட்டில் வேறு சில பொருட்கள் இருந்தால் நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்றும், அதே அமிலம் உள்ள புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது என்றும் 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட், கோகோ பவுடர் ஆகாது. சர்க்கரை இல்லாத இனிப்பு என்று விற்கும் சிலவற்றில் சைலிட்டால் சேர்ந்திருக்கிறது, சிறிதளவே நாயின் சர்க்கரை அளவைத் திடீரென்று இறக்கிவிடும். பாக்கெட் கடலை வெண்ணெய் வாங்குகிறவரிடமும் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். கருவாட்டுத் தூள் கேட்டால் உப்பு அதிகம் என்று சொல்லிவிடலாம்.

நாய்க்கு என்ன நோய் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. அரிப்போடு வருகிறவரைப் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். முற்றினதாக இருந்தால் நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இந்த வியாபாரத்தில் மூட்டைக் கணக்கில் ஓட்டம் இருக்காது, கால் கிலோ, அரைக் கிலோதான். ஆனாலும் பத்தியக்காரர் கடை மாற மாட்டார். வாரத்தில் ஒரு நாள் காலையில் மில்லைக் கழுவித் துடைத்தவுடன் முதல் அரவையாக ராகியும் கம்பும் அரைத்து வாங்கி, அங்கேயே கால் கிலோ பையில் கட்டி, பொருளின் பெயரும் அரைத்த தேதியும் எழுதிவிடுங்கள். முதலில் விழும் இரண்டு கிலோ மாவைத் தனியே எடுத்துச் சாதாரணச் சில்லறைக்கு வைத்துக்கொள்ளலாம்.