மாலை கழற்றிய மறுநாள்

மும்பை திலக் நகரில் குடியால் தவிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, டாக்டருக்கு முன்னால் செட்டா நகர் முருகனைத்தான் தேடுகின்றன. சூடத்தில் அடித்துச் சத்தியம். இல்லாவிட்டால் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை. மாலை கழுத்தில் இருக்கும்வரை மனிதர் சொட்டுக்கூடத் தொடமாட்டார். மலையிறங்கி அதைக் கழற்றிய மறுநாள் தேசி தாரு என்ற நாட்டுச் சாராயக் கடையில் நிற்பார். "மனசு வெச்சா முடியுதுல்ல, எல்லாம் திமிர்" என்பார்கள் வீட்டில்.

திமிர் இல்லை. மது உள்ளே போனதும் மூளையில் டோபமைன் கூடுகிறது. கூடவே சம்பள நாள், கடை முக்கு, கூட்டாளியின் குரல் எல்லாமே அந்தச் சுகத்தோடு சேர்ந்து பதிந்துவிடும். விரத நாட்களில் இவற்றில் பலவும் கிட்டே வராது. குடிக்கக் கூப்பிட்டவனே 'சாமி' என்று ஒதுங்கிப் போவான். மாலை போனால் எல்லாம் திரும்பி வரும்.

முற்றிய குடி வேறு. மது மூளையைத் தணிக்கத் தணிக்க, அது ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். குவார்ட்டர் போதாமல் ஆஃப் ஆவது இதனால்தான். பிறகு காலையில் டீ கிளாஸைப் பிடிக்கவே கை நடுங்கும். ஒரு மடக்கு போனால்தான் நிற்கும். இப்படிப்பட்டவரை அறையில் பூட்டிக் குடியை நிறுத்துவது ஆபத்து. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றல், இல்லாத பூச்சி ஊர்வது போன்ற தோற்றம். உயிரே போகலாம். அதனால் டயசெபாம் போன்ற மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 ஊசியும் உண்டு. பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாளில் இது முடிந்துவிடும்.

வீட்டார் இதோடு சிகிச்சையே முடிந்தது என்று நினைப்பதுதான் சங்கடம். ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள், கவுன்சலிங், சக குடிநோயாளிகளின் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் என்று மாதக்கணக்கில் தொடர வேண்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை, குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை தருகிறது. பாந்த்ராவில் ஃபாதர் ஜோ பெரேரா 1981இல் தொடங்கிய கிருபா மறுவாழ்வு அமைப்பு இருக்கிறது. சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உண்டு. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கு அழைக்கக் காசு கிடையாது. நடுவில் ஒருமுறை குடித்துவிட்டால், கட்டுக்கு மீறிய சர்க்கரைக்கு மருந்தை மாற்றுவதுபோல் சிகிச்சையைத் திருத்துவார்கள், விரட்டமாட்டார்கள்.

சாம்பாரில் கலக்கும் 'குடி நிறுத்தும் பொடி' மட்டும் வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் இருந்து, தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் குடித்தால், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இதயம் பலவீனமானவர் என்றால் பிழைப்பதே கஷ்டம்.