திருகிய முழங்காலும் தேயும் குருத்தெலும்பும்

வரம்பில் வழுக்கி முழங்கால் திருகுவது விவசாயிக்குப் புதிய விடயமல்ல. பாதம் சேற்றில் புதைந்து நிற்க, தோளில் மூட்டையோடு உடல் மறுபக்கம் திரும்பிவிடுகிறது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்குகிறது. எண்ணெய் பூசி, புக்கை கட்டி, இரண்டு கிழமை படுத்தெழும்பினால் வீக்கம் வற்றிவிடும். அத்தோடு காரியம் முடிந்ததென்று நினைத்துவிடுகிறோம்.

1990களிலும் அதன் பின்னரும் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறிய குடும்பங்களில், ஐம்பது வயதிலேயே மாடிப்படி ஏற மாட்டாமல் தவிப்பவர்கள் உண்டு. கொழும்புக்கு வந்தபின் பிடித்த வருத்தம் என்பார்கள். சிலருக்காவது அது வயலிலேயே தொடங்கிவிட்டது.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து வைத்திருப்பவை நான்கு உறுதியான இணைநார்கள். வைத்தியர்கள் லிகமென்ட் என்பார்கள். அவற்றுள் இரண்டு, மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. முன்பக்கத்தது, கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் அளவுக்கு மீறித் திரும்பாமலும் தடுக்கிறது. எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையே மெத்தை போல இரண்டு பிறைவடிவத் தட்டுகள் உள்ளன. இவை மெனிஸ்கஸ்.

முன் இணைநார் அறுந்தால் மூட்டு ஆடத் தொடங்கும். கடையாணி தளர்ந்த வண்டிச்சில்லு சுழலத்தான் செய்யும்; ஆனால் ஆடி ஆடிக் குடத்தைத் தின்றுவிடும். முழங்காலிலும் இதுவே நடக்கிறது. கால் ஒவ்வொரு முறை நழுவும்போதும் மெனிஸ்கஸ் நசிபட்டுக் கிழிகிறது. மெத்தை போனபின் பாரம் நேரே குருத்தெலும்பில் இறங்குகிறது. அதோடு, திருகிய அந்தக் கணத்திலேயே எலும்புகள் மோதிக் குருத்தெலும்பு அடிபட்டிருக்கவும் கூடும்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை. ஆகவே போனது மீண்டும் வளர்ந்து வராது. இதனை 1743 இலேயே வில்லியம் ஹண்டர் என்ற வைத்தியர் எழுதி வைத்தார். அதில் நரம்பும் இல்லை. ஆகவே தேயும்போது நோவதும் இல்லை. நோவு தெரியவரும்போது தேய்வு வெகுதூரம் போயிருக்கும். முன் இணைநார் அறுந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்வு காணப்படுகிறது. இது முதியவர்களின் வியாதி மட்டுமல்ல. பாரம் தாங்கும் மூட்டு இளமையிலும் தேயும்: வேகப் பந்துவீச்சாளர் லசித் மாலிங்க 2011 ஏப்ரலில் டெஸ்ட் ஆட்டங்களை விட்டபோது அவருக்கு வயது 27. வலது முழங்காலின் நாட்பட்ட தேய்வையே காரணமாகச் சொன்னார்.

"எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள்" என்று பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். இணைநாரும் மெனிஸ்கஸும் தெரியாது. அனுபவமுள்ள வைத்தியர் கீழ்க்காலைக் கையால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுகொள்வார். நடக்கும்போது கால் திடீரென்று கைவிடுகிறதா, திரும்பும்போது மூட்டு நழுவுகிறதா? அப்படியானால் எத்தனை வருடப் பழைய திருகலானாலும் காட்டுங்கள். கொட்டாஞ்சேனையில் உள்ளவர்கள் தேசிய வைத்தியசாலைக்கும், வெள்ளவத்தையில் உள்ளவர்கள் களுபோவிலைக்கும் போகலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை.

சத்திரசிகிச்சை என்றதும் பயந்து வீட்டில் இருந்துவிட வேண்டாம். சுவீடனில் முன் இணைநார் அறுந்த 121 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். உடனே சத்திரசிகிச்சை பெற்றவர்களும், முதலில் பயிற்சி செய்து தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அதைப் பெற்றவர்களும் இரண்டு வருட முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்ததாக 2010 இல் வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சையும் பிற்காலத் தேய்வை முற்றாகத் தடுப்பதில்லை. எதுவானாலும் தொடைத் தசையைப் பலப்படுத்தாமல் பயனில்லை. தளர்ந்த மூட்டை இறுக்கிப் பிடிப்பது அந்தத் தசைதான்.

கதிரையில் நிமிர்ந்திருந்து, காலை நேரே நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து மெல்ல இறக்குங்கள். காலையும் மாலையும் பத்துத் தடவை போதும். வீக்கமுள்ள நாளில் விட்டுவிடுங்கள். நிறையைக் குறைப்பதும் பெரிய உதவி. வயலில் உழைத்த காலத்துச் சோற்றை மாடிவீட்டிலிருந்து சாப்பிட்டால் அந்தப் பாரத்தை முழங்கால்தானே சுமக்க வேண்டும்? படி ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது நோவுள்ள காலையும் முதலில் வையுங்கள். கோவிலில் முழந்தாட்படியிட முடியாதவர்கள் கூச்சமின்றி அமர்ந்தே செபிக்கலாம். திருச்சபை அதைக் குற்றமாகக் கொள்வதில்லை.

மடக்கிய கால் நீட்ட முடியாமல் இறுகிக்கொண்டால், கிழிந்த மெனிஸ்கஸ் இடையில் சிக்கியிருக்கலாம். பலவந்தமாக இழுக்கவோ உருவவோ இடம்கொடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.