வாடிவாசலும் மீட்டர் வட்டியும்

பொங்கலன்று நடக்கும் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் இறங்க மருத்துவப் பரிசோதனை உண்டு. வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: மாடுபிடி வீரருக்குப் பரிசோதனையில் பி.பி. சரியாக இருந்தால் டென்ஷனே இல்லை என்று அர்த்தமா? இல்லை. அன்றைக்குக் களத்தில் இறங்கலாம் என்பதற்கு மேல் அந்த மருத்துவச் சீட்டு எதுவும் சொல்வதில்லை. வாடிவாசலில் நிற்பவருக்கு அட்ரினலின் நொடியில் பாயும். இன்னொரு அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் சற்றுப் பின்னால் ஏறும். காளை எல்லைக்கோட்டைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் இரண்டும் இறங்கிவிடும்.

இறக்குவது யார் என்பதில்தான் சூட்சுமம். கார்ட்டிசாலை அடக்குவது கார்ட்டிசாலேதான். மாடித் தொட்டியில் ஏறும் தண்ணீர் மிதவையைத் தூக்கித் தன் வரத்தைத் தானே அடைப்பதுபோல, அது மூளைக்குப் போய் 'போதும்' என்கிறது. அதைக் கேட்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். நினைவுகளைப் பதிவதும் அதுவே. மீட்டர் வட்டிக்காரரின் போன் மாதக்கணக்கில் ராத்திரியும் அடித்தால் எல்லைக்கோடு ஏது? ஓயாத அழுத்தத்தில் ஹிப்போகாம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்குவதை விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 'போதும்' என்பதைக் கேட்கும் அந்தக் காது மந்தமானால் சொல் எட்டாது, சுரப்பு நீளும், நீள நீளக் காது இன்னும் மந்தமாகும். மறதி, கெட்ட தூக்கம், ஏறும் பி.பி., வயிற்றுக் கொழுப்பு எல்லாம் இந்த வழியில் வந்து சேரலாம். இந்தத் தேய்மானத்துக்கு 1993-ல் புரூஸ் மெக்கீவனும் எலியட் ஸ்டெல்லரும் வைத்த பெயர் 'அலோஸ்டேடிக் லோடு'.

தாத்தா படாத கஷ்டமா என்பார்கள். உப்பும் புகையிலையும்தான் காரணம் என்பார்கள். அவையும் காரணம்தான். ஆனால் பிரிட்டனில் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் மேலதிகாரிகளைவிட அதிகமாக இதய நோயில் இறந்தார்கள், புகை, பி.பி., கொழுப்பு எல்லாவற்றையும் கழித்தும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. அதைத் தொடர்ந்த ஆய்வு, வேலையில் தன் கைக்குப் பிடி இல்லாததைச் சுட்டியது. தாத்தாவுக்கு வெயில் அதிகம். ராத்திரி போன் இல்லை. அதனால்தான் அரசு முகாம்களின் 'மன அழுத்த மேலாண்மை' உறுத்துகிறது. மூச்சுப்பயிற்சி கெடுதல் இல்லை. வட்டிக்காரரின் குற்றத்தை நுரையீரலின் குறையாக்குவதுதான் கெடுதல். அந்தக் குற்றத்துக்குக் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்தே இருக்கிறது.

பி.பி. மாத்திரைதான் வீடு தேடி வருகிறதே? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வருவதற்கு முந்தைய 2020 தமிழ்நாட்டு ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். பயனாளி கணக்கைவிட அந்த எண் இன்று எவ்வளவு என்று கேளுங்கள்.

ஒரு தடவை கார்ட்டிசால் டெஸ்ட் எடுத்தால் போதுமா? போதாது. அது காலையில் உச்சம், நள்ளிரவில் தரை.

சுருங்கிய நரம்புக் கிளைகள் மீளுமா? விலங்குகளில், அழுத்தம் விலகினால் பெருமளவு மீள்கிறது.

காளைக்கும் இதே கார்ட்டிசால்தானா? அதேதான்.