வைகை கடலைத் தொடும் ஊர் வரை

சோழவந்தானில் வாழும் நமக்கு வைகை அன்றாடக் காட்சி. வருசநாட்டு மலையில் பிறந்து, நம் வெற்றிலைக் கொடிக்கால்களையும் தென்னந்தோப்புகளையும் தொட்டுக்கொண்டு, மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் அவ்வாறு இறுதியில் எங்கே சேருகின்றது? நேரில் கண்டு விடை கூறக்கூடிய பெண்மணிகள் நம் வீடுகளில் எத்தனை பேர்? கணவரும் மக்களும் கடல் கடந்து வளைகுடா நாடுகளில் பொருளீட்டுகின்றனர். அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பும் தாய்மார்களுள் பலர் கடலையே கண்டதில்லை.

நமக்குப் பயணம் என்றாலே ஏர்வாடிதான். இரவில் வேன் ஏறி, விடியலில் இறங்கி, ஜியாரத்தை முடித்து, நெய்ச்சோறு ஆக்கி உண்டு, அன்றிரவே திரும்பிவிடுவோம். ஆக்குவதும் கழுவுவதும் அங்கேயும் பெண்களே! கடல் அருகில் இருந்தும் அதைப் பார்க்க நேரமிருப்பதில்லை. அதே பாதையில் மூன்று நாள் ஒதுக்கி நிதானமாகச் சென்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

முதல் நாள் இராமநாதபுரம் வழியாகக் கீழக்கரையை அடையலாம். திராவிடக் கட்டடக் கலைப் பாணியில் கல் தூண்களோடு விளங்கும் பழைய ஜும்ஆப் பள்ளி அங்கே உள்ளது. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி அடங்கியிருப்பதும் அவ்வூரில்தான். பாடநூலில் சீறாப்புராணம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவ்விடத்தைக் காட்டுங்கள். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதலையும் மறவாதீர்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஹனபிகள் மிகுதி, கீழக்கரையார் ஷாபியீகள். ஸுப்ஹில் அவர்கள் குனூத் ஓதுவதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்; இல்லையேல் திகைத்து நிற்பர். பயணத்தில் லுஹர், அஸர், இஷா இரண்டிரண்டு ரக்அத்தே. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கும் தொழ வேண்டும். இரு வக்துகளைச் சேர்த்துத் தொழும் சலுகை ஷாபியீகளுக்கு உண்டு, நமக்கில்லை. ஆகவே ஒவ்வொரு வக்துக்கும் வண்டியை நிறுத்துவோம். நிதானப் பயணத்திற்கு இதைவிட நல்ல கால அட்டவணை ஏது?

இரண்டாம் நாள் இராமேசுவரம் சாலையில் உச்சிப்புளிக்குத் திரும்புங்கள். இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போக எஞ்சிய வைகை நீர் அருகிலுள்ள ஊரில்தான் பாக் நீரிணையில் கலக்கின்றது. கடற்கரையில் இருந்தும் அவ்வூரின் பெயர் ஆற்றங்கரை! மழை பொய்த்த ஆண்டுகளில் நம் ஆறு அவ்விடத்தை எட்டுவதேயில்லை.

பக்கத்தில் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பும், அலை அடங்கிய கடலும். கூடாரமடித்து இரவு தங்க விரும்புவோர் ஊராட்சியாரிடமும் காவல் நிலையத்திலும் முன்னரே கேட்டுக்கொள்க. இசைவு கிடைக்காவிடில் மாலை வரை தோப்பில் இருந்துவிட்டு, மண்டபத்தில் அறை எடுக்கலாம். அன்று சமையல் ஆண்களுடையதாக இருக்கட்டும். நெய்ச்சோறு வராவிட்டால் கஞ்சியாவது வரும். சவுக்குச் சருகில் பொறி விழாதபடி, தோப்பை விட்டு விலகி மணலில் அடுப்பு மூட்டுங்கள்.

மூன்றாம் நாள் பாம்பன். 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் செல்கையில், கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி செங்குத்தாக உயரும் 2025ஆம் ஆண்டின் புதிய ரயில் பாலம் தெரியும். பாலத்தின்மீது வண்டியை நிறுத்த வேண்டாம். அடுத்துப் பேக்கரும்பில், 2017இல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவகம். அவருடைய தந்தையார் ஜைனுலாபிதீன், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் படகில் யாத்ரீகர்களை ஏற்றிச் சென்றவர். அப்படகைப் புயலொன்று கொண்டுபோயிற்று.

தனுஷ்கோடி ஊரையே கொண்டுபோன புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் மூழ்கிற்று. இடிந்த தேவாலயச் சுவர்களருகே பிள்ளைகளை நிறுத்தி இதைச் சொல்லுங்கள். அங்கிருந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல சாலை உண்டு. ஒருபுறம் அமைதியான பெண்கடல், மறுபுறம் சீறும் ஆண்கடல் என்பர் உள்ளூரார். இரண்டும் சேருமிடத்தில் நீரோட்டம் கடுமையானது; இறங்கலாகாது. பொழுது சாயுமுன் திரும்பிவிடவும் வேண்டும். கால் நனைக்கும் ஆசையைத் தாய்மார்கள் முந்தைய நாளே அரியமானில் தீர்த்துக்கொள்ளட்டும்.