கைக்கு வராத பணத்திற்கும் வட்டி

நூறு ரூபாய் கேட்டவரிடம் தொண்ணூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, நூறு ரூபாய் என்றே கணக்கு எழுதிக்கொள்ளும் தண்டல்காரரை நம் வாசகர்கள் அறிவார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு உயர்கல்விக்காக அளிக்கும் கடனிலும் இம்முறை உண்டு என்றால் பலர் நம்பத் தயங்குவர். அங்கே பிடித்தம் அவ்வளவு பெரிதன்று. ஆயினும் முறை அதுவே.

இதற்குத் தொடக்கக் கட்டணம் என்று பெயர். 2020 அக்டோபர் முதல் பல ஆண்டுகளாக, மாணவர் வாங்கும் கடனில் 1.057 விழுக்காடும், பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் வாங்கும் ‘பிளஸ்’ கடனில் 4.228 விழுக்காடும் பிடிக்கப்பட்டு வந்துள்ளன. முதலாண்டு மாணவர் ஒருவர் 5,500 டாலர் பெற்றால் ஏறத்தாழ 58 டாலர் குறையும். அதை எப்படியேனும் சமாளித்துவிடலாம். பெற்றோர் நிலையோ வேறு. 20,000 டாலருக்குக் கையெழுத்திடும் தந்தையின் கடனில், கல்லூரிக்குப் போய்ச் சேருவது 19,154 டாலரே. கல்லூரிக்கு முழுதாக 20,000 டாலர் செலுத்த வேண்டுமாயின் அவர் 20,883 டாலர் கடன் கேட்டிருக்க வேண்டும். இதை முன்னரே கணக்கிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? வட்டியோ முழுத் தொகைக்கும் உண்டு. கைக்கு வராத பணமும் ஆண்டுக்கணக்கில் வட்டி சுமக்கும்.

இக்கட்டணம் 1981இல், ரீகன் குடியரசுத் தலைவரான ஆண்டில், ஐந்து விழுக்காடாகப் புகுத்தப்பட்டது. அக்காலத்தில் தனியார் வங்கிகள் கடன் கொடுத்தன. அரசு பிணை நின்றதோடு, வங்கிகளுக்கு வட்டி மானியமும் அளித்தது. அச்செலவில் ஒரு பகுதியை மாணவரிடமிருந்தே ஈடுகட்டுவது நோக்கம். பின்னர் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசே நேரடியாகக் கடன் கொடுக்கத் தொடங்கியது. 2010 ஜூலையோடு வங்கிகள் இத்திட்டத்திலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டன. காரணம் போயிற்று, கட்டணம் போகவில்லை.

மாணவர் கட்டணம் படிப்படியாக ஒரு விழுக்காடு வரை குறைக்கப்பட்டதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெற்றோர் கட்டணம் நான்கிலேயே நின்றது. அதன்மேல், அரசுச் செலவைக் கட்டுப்படுத்த 2011இல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, 2013 முதல் இரண்டும் சற்றே உயர்ந்தன. விகிதத்தில் காணும் விசித்திரமான பின்னங்கள் அப்படி வந்தவையே. அரசின் செலவைச் சுருக்கப் பிறந்த சட்டம் குடும்பத்தின் செலவைக் கூட்டியது வேடிக்கைதான்!

கடன் திட்டத்தை நடத்தச் செலவாகிறதே என்பர். உண்மையே. அச்செலவை வட்டி விகிதத்தில் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டால், கடன் வாங்குவோர் ஒரே எண்ணைப் பார்த்து உண்மை விலையை அறிந்துகொள்வர். வட்டி ஓரிடத்திலும் கட்டணம் வேறோரிடத்திலும் நிற்பதால், எளிய குடும்பங்கள் முதல் எண்ணை மட்டுமே மனத்தில் கொள்கின்றன.

ஒரு சலுகை மட்டும் உண்டு. பலரும் அதை அறிவதில்லை. தேவைக்கு மேல் வாங்கிய தொகையை, அது வழங்கப்பட்ட 120 நாள்களுக்குள் திருப்பிவிட்டால், அந்தப் பகுதிக்குரிய கட்டணமும் வட்டியும் நீக்கப்படும்.