சுவருக்கு முன் கணக்கு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். முழு வீடு வேண்டியதில்லை; கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழுப்பினாலே அந்தப் பழமொழியின் உண்மை விளங்கிவிடும். "கொஞ்சம் கல், நாலு மூட்டை சிமெண்டு, பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மேஸ்திரி. நாமும் தலையை ஆட்டுகிறோம். சுவர் இடுப்பளவு எழும்புவதற்குள் பணம் தீர்ந்து, இல்லாளின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. குற்றம் மேஸ்திரியுடையதன்று, அளவாமல் இறங்கிய நம்முடையதே.

கணக்கு ஒன்றும் பிரமாதமன்று. 10 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள 9 அங்குலச் சுவரை எடுத்துக்கொள்வோம். செங்கல் ஒன்று, சாந்தையும் சேர்த்து, 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் இருக்குமானால் சுவருக்கு 1,067 கற்கள் பிடிக்கும். 3 அடிக்கு 7 அடி வாசல் விட்டால் 843 போதும். உடைசலுக்கு நூற்றுக்கு 5 வீதம் கூட்டினால் 885 ஆகிறது. கல்லின் அளவு சூளைக்குச் சூளை வேறுபடுமாதலால் முதலில் கல்லையே அளந்து பார்ப்பது நலம்.

கல்லோடு கணக்கு முடிவதில்லை. சிமெண்டு, மணல், வண்டிச் சத்தம், கொத்தனார் சித்தாள் கூலி, பூச்சு, வெள்ளை ஆகிய ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுக. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்குக. அந்தத் தொகை கையில் சேரும்வரை கடப்பாறையைத் தொடவேண்டாம்.

செங்கல்லாக வேகிறது நம் வயல்களின் மண்ணே. அளந்து வாங்குகிறவர் வீட்டு வளையலோடு நாட்டு மண்ணையும் காப்பாற்றுகிறார்.