கூடை முடிச்சும் கொலைக் கதையும்!

'சாவதற்குள் படித்தே ஆக வேண்டிய நூறு புத்தகங்கள்' என்று யாராவது பட்டியல் போட்டால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். இந்தப் புண்ணியவானுக்குப் பல்வலி, மாதக் கடைசி, மாமியார் வருகை இதெல்லாம் கிடையவே கிடையாதா? பல்வலி அன்றைக்கு யார் சார் தத்துவம் படிப்பார்கள்?

மனுஷன் படிப்பது பட்டியலைப் பார்த்து அல்ல, அன்றைய மூடைப் பார்த்து! அதிலும் கைவேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கை என்ன வேலையில் இருக்கிறதோ, அதற்குத் தோதாகத்தான் மனசு புத்தகம் தேடும்.

எனக்கு இந்தப் பாடத்தை நடத்தியது அம்பத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணை. அம்மா ஒயர் கூடை பின்னுகிறவள். அடி போடும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. எண்ணிக்கை ஒன்று தப்பினால் கூடை கோணிக்கொள்ளும். அடி முடிந்து சுவர் எழும்ப ஆரம்பித்ததும் அதே முடிச்சு, அதே இழுப்பு... கை தன் பாட்டுக்கு ஓடும். அப்போது குரல் வரும்: "டேய், புக்கை எடுடா!"

கண் கூடையில் இருக்க வேண்டுமே! அதனால் வாசிப்பது என் வேலை, கேட்பது அம்மா வேலை.

பூந்தமல்லி அத்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. அவள் பூ கட்டுகிறவள். விரல் தானாகத் தொடுக்கும், கண் சும்மாதானே இருக்கிறது? மடியில் பூ, எதிரே வாரப் பத்திரிகை, காற்றில் பக்கம் புரளாமல் இருக்க மேலே ஒரு டம்ளர். தொடர்கதையில் கதாநாயகி அழுதால் அந்த முழத்தில் மட்டும் பூ கொஞ்சம் நெருக்கமாக விழும். வாங்குகிறவருக்கு லாபம்!

1994-ல் அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவர் லேத் ஆபரேட்டர். அதுவரை டீக்கடைப் பேப்பரில் முதல் பக்கத்திலிருந்து படித்தவர், மறுநாளிலிருந்து 'ஆட்கள் தேவை' பகுதியை மட்டும் படித்தார். அரிசி, பருப்பு, என் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கூடை தலையில் விழுந்தது.

அந்த மாதங்களில் அம்மா கேட்டது கொலைக் கதை, கொலைக் கதை, கொலைக் கதை! லெண்டிங் லைப்ரரியில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று ஒருவர் பாக்கியில்லை. நடுவில் கொஞ்சம் 'ஒரு மாதிரி' இடம் வந்தால் என் குரல் தடுமாறும். "பக்கத்தைத் திருப்புடா" என்பாள், கூடையிலிருந்து தலை நிமிராமலே.

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "வீட்ல கஷ்டம் இருக்கறப்ப கொலை, ரத்தம்னு எதுக்கும்மா? நல்ல புஸ்தகமா படிக்கக் கூடாதா?" என்று மு.வரதராசனின் 'அகல் விளக்கு' கொண்டுவந்து கொடுத்தார். 1961-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய நாவல்.

அம்மா மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "தப்பு பண்ணவன் இந்தக் கதையிலயாவது கடைசிப் பக்கத்துல மாட்டிக்கிறான்லடா?"

ஏழாங்கிளாஸ் பையனுக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது.

எங்கள் திண்ணை விஷயம் ஒன்றும் உலக அதிசயம் இல்லை. கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில் 1865-லேயே இதற்கென்று ஆள் வைத்துவிட்டார்கள். தொழிலாளிகள் சுருட்டுவார்கள், ஒருவர் உயரமான மேடையில் உட்கார்ந்து வாசிப்பார். சம்பளம் தொழிலாளிகளின் பாக்கெட்டிலிருந்து. எந்த நாவல் என்பதற்கு ஓட்டெடுப்பு! அலெக்சாந்தர் துமாவின் மாண்டி கிறிஸ்டோ நாவல் அவர்களுக்கு அவ்வளவு பிடித்ததால்தான் ஒரு சுருட்டுக்கே 'மாண்டிகிறிஸ்டோ' என்று பெயர் வந்தது என்பார்கள். அநியாயமாக ஜெயிலில் போடப்பட்டவன் தப்பி வந்து பழிவாங்கும் கதை. நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவனுக்கு அது ஏன் பிடித்தது என்று ஆராய்ச்சி வேண்டுமா என்ன?

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். பக்கத்தில் கேரளத்துக் கண்ணூர். அங்கே பீடித் தொழிலாளிகள் தங்களில் ஒருவரைப் பேப்பரும் கதையும் வாசிக்க வைத்து, அவர் பங்குப் பீடியைத் தாங்களே சுற்றிக் கொடுத்தார்கள். எனக்குக் கூலி ஒரு கடலை மிட்டாய்.

பாட்டி இறந்தபோது அம்மா பதினாறு நாள் எந்தப் புத்தகமும் கேட்கவில்லை. பதினேழாம் நாள் கேட்டது... சமையல் குறிப்பு! பாட்டி வைக்கிற வத்தக்குழம்பு எதிலாவது இருக்கிறதா என்று பழைய பத்திரிகைகளில் தேடச் சொன்னாள். கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குறிப்பையும் கடைசி வரை கேட்டாள்.

மூன்று வருஷம் கழித்து அப்பாவுக்கு ஆவடியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த வாரம், சிவன் கண் முடிச்சுக் கூடை ஒன்றைப் பாதியில் வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "பெரியப்பா குடுத்தாரே, அதை எடுடா. இப்ப மனசு காலியா இருக்கு."

ஒன்பது நாளில் முடித்தோம். கதையில் வரும் சந்திரன் நல்ல அறிவாளி, ஆனால் வாழ்க்கையைக் கோட்டை விடுகிறவன். அவனைப் பற்றி அம்மாவின் விமர்சனம்: "அடியை ஒழுங்கா போடலைன்னா மேல எவ்வளவு அழகா பின்னியும் பிரயோஜனமில்லே."

பெரியப்பா கொடுத்தது நல்ல புத்தகம்தான். கொடுத்த நாள்தான் அதற்கு உரியதாக இல்லை.

இதைப் பெரிய தத்துவமாகவே சொன்ன ஒருவர் நம் ஊரில் இருந்தார். சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகனுக்கும் ஒரு புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகன் உண்டு என்பது அவற்றில் இரண்டின் சாரம். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவர் உழைப்பே காரணம். வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம், தெரியுமோ?

ஆகவே, ஆபீஸ் முடிந்து ஆவடி லோக்கலில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் நண்பரே! மேனேஜர் கடித்த அன்றைக்குத் துப்பறியும் கதை படியுங்கள், வெட்கப்படாதீர்கள். இன்க்ரிமென்ட் வந்த அன்றைக்குக் காதல் கதை. கனமான புத்தகத்தை அலமாரியில் வைத்திருங்கள், அது கோபித்துக்கொள்ளாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டுக்காரம்மா திடீரென்று தினமும் கொலைக் கதை படிக்க ஆரம்பித்தால்... விமர்சனம் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா கஷ்டம்?" என்று கேளுங்கள்!